குதிரை வைத்திருக்கும் பட்டாளத்துத் தம்பிகளுக்கு



இந்த ஆடியிலும் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனேன். வாங்குவதற்கும் இல்லை, விற்பதற்கும் இல்லை. குளம்பு பார்த்தே கழிந்த ஆயுசு. சந்தை கூடினால் கால் தானாக அந்தப் பக்கம் போய்விடுகிறது. மார்வாடி, கத்தியவாடி, வெள்ளை நுக்ரா, மட்டக் குதிரை என்று வரிசையாக நின்றவற்றைத் தாண்டி, புளியமரத்து நிழலில் ஒரு செவலைப் பெட்டை கட்டியிருந்தது. ஐந்து வயது இருக்கும். நல்ல தோள், சுழி சுத்தம், பின்னங்கால் ஒன்றில் மட்டும் வெள்ளை. கயிற்றைப் பிடித்திருந்த பையன் கைலியும் ரப்பர் செருப்பும் போட்டிருந்தான். ஆனால் காதோரம் வழித்த முடியும், ‘விஸ்ராம்’ சொன்ன மாதிரி காலை அகட்டி நின்ற நிலையும் அவன் யாரென்று காட்டிக் கொடுத்துவிட்டன. எனக்குத் தெரிந்தது தரகருக்குத் தெரியாமல் போகுமா? துண்டுக்குள் விரலைப் பிடிப்பதற்கு முன்பே அவர் கேட்ட முதல் கேள்வி, “தம்பிக்கு எப்ப வண்டி?”

“நாளன்னிக்குங்க.”

பேரம் அங்கேயே முடிந்துவிட்டது. அதன் பிறகு துண்டுக்குள் நடந்ததெல்லாம் வெறும் சடங்கு. மூன்று மணிக்கெல்லாம் பெட்டை லாரியில் ஏறியது. யார் வாங்கினார்கள் என்று பையனைக் கேட்டேன். தரகரின் செல் நம்பர் இருக்கிறது என்றான்.

அவனோடு டீ குடித்தபோது சொல்ல வந்து, விற்ற பிறகு சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விழுங்கிக்கொண்டதைத்தான் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். பவானி, கோபி, தாராபுரம், உடுமலைப் பக்கம் ரேக்ளாவுக்கென்றும் ஆசைக்கென்றும் குதிரை கட்டியிருக்கிற வீடுகளில் பட்டாளத்துப் பையன்களும் இருக்கிறார்கள். முதல் நாலைந்து வருசச் சம்பளத்தில் தங்கச்சிக்கு நகை, வீட்டுக்குத் தார்சு, அப்புறம் ஒரு குதிரை. ஊர்ப் பக்கம் போஸ்டிங் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. ஃபீல்டு ஏரியா என்று தாள் வந்த அன்று ராத்திரி தூக்கம் போகும். விற்பதா, வைத்துக்கொள்வதா?

நான் பட்டாளத்தில் லாடம் கட்டியவன். ரிமௌண்ட் வெட்டரினரி கோர், ஃபேரியர் டிரேடு, இருபத்திரண்டு வருசம். பட்டாளத்தில் குதிரை என்றதும் ஊரில் குடியரசு நாள் அணிவகுப்பையும் ஜெய்ப்பூர் 61-ஆவது குதிரைப்படையையும் நினைத்துக்கொள்கிறார்கள். நான் பார்த்ததில் முக்கால்வாசி கோவேறு கழுதைகள். சாமான் சுமக்கும் ஜி.எஸ்., மலைப் பீரங்கி சுமக்கும் எம்.ஏ. என்று இரண்டு சாதி. ஜீப் ஏறாத மலைக்கு அதுதான் ஏறும். ஒவ்வொன்றுக்கும் குளம்பில் நம்பர் சுட்டிருக்கும். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் கீழ்நோக்கி வளர்வதால் அந்த நம்பரும் கீழே இறங்கிக்கொண்டே வரும். தேய்ந்து போவதற்குள் மறுபடி மேலே சுட வேண்டும். விட்டால் ஒரு வருசத்தில் அது யாருடையது என்று குளம்புக்கே தெரியாது. அது எங்கள் வேலைகளில் ஒன்று.

இவ்வளவு தெரிந்தவன் சொந்தக் குதிரை விசயத்தில் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

2001-இல் ஆடி விடுப்பில் வந்தபோது இதே சந்தையில் ஒரு பெட்டை வாங்கினேன். அதுவும் செவலைதான். ஜம்மு பக்கம் கால்நடை மருத்துவமனை ஒன்றில் போஸ்டிங். வருசத்துக்கு அறுபது நாள் ஆண்டு விடுப்பு, முப்பது நாள் கேஷுவல். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் வருசத்தில் கால்வாசி வீட்டில்தான் இருக்கப்போகிறேன் என்று கணக்குப் போட்டேன். விற்பது என்ற பேச்சே எடுக்கவில்லை. “நீ போயிட்டு வா சாமி, நாங்க பாத்துக்கறோம்” என்றார்கள் அம்மா. நானும் பொங்கலுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

2001 டிசம்பர் 13 அன்று பாராளுமன்றத்தில் தாக்குதல் நடந்தது. அடுத்த சில நாட்களில் ஆபரேஷன் பராக்ரம் என்று மொத்தப் பட்டாளமும் எல்லைக்கு நகர்ந்தது. விடுப்பெல்லாம் ரத்து. பொங்கல் போனது, சித்திரை போனது, ஆடியும் போனது. ஊரோடு எனக்கிருந்த தொடர்பு, எப்போதாவது கிடைக்கும் எஸ்.டி.டி. பூத்தும், 56 ஏ.பி.ஓ. என்று எழுதிவரும் இன்லாண்டு கடிதமும்தான். அப்பா எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் கடைசி வரி ஒன்றுதான்: குதிரை நல்லா இருக்கு.

அக்டோபரில் படைகளைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. தீபாவளி ஒட்டி விடுப்பு கிடைத்து, ஜம்முவில் ஹிம்சாகர் ஏறி, மூன்றாம் நாள் ஈரோட்டில் இறங்கினேன். வீட்டுக்குள் கூடப் போகவில்லை, நேராகக் கட்டுத்தறிக்குத்தான் போனேன். பெட்டை என்னைப் பார்த்துத் தலையைத் தூக்கியது. ஆனால் ஒரு எட்டு முன்னே வைக்கவில்லை. முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, பாரத்தையெல்லாம் பின்னங்காலில் போட்டு, சாய்ந்தமாதிரி நின்றது. பிடரி மேட்டில் கொழுப்பு கட்டித் தடித்திருந்தது. அந்த நிலையைப் பார்த்தாலே ஃபேரியருக்கு வயிறு கலங்கும். குளம்பில் கை வைத்தேன், அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி மாதிரிச் சூடு. குளம்பைச் சுற்றிப் படிப்படியாக வளையங்கள். எத்தனை மாதமாக நடக்கிறது என்று அவையே சொல்லின. தூக்கிப் பார்த்தால் அடிப்பகுதி தட்டையாக இறங்கியிருந்தது, வெள்ளைக் கோடு விரல் நுழையும் அகலம். லாமினைட்டிஸ். குளம்புக்கு உள்ளே எலும்பைப் பிடித்திருக்கும் சதை அழன்று பிடி விட, எலும்பு கீழ்நோக்கிச் சாய்ந்துவிடும். ஒருமுறை சாய்ந்துவிட்டால் பழைய கால் இல்லை.

அம்மா பின்னாலேயே வந்து நின்றார்கள். “ஒரு வேளைகூடக் கொள்ளு கொறைக்கலீங் கண்ணு” என்றார்கள்.

அதுதான் காரணம். நான் இருக்கும்போது தினமும் காலையில் வாய்க்கால் மேட்டில் ஓட்டி, வேர்க்கவிட்டு, அதற்குத் தக்க கொள்ளு வைத்தேன். நான் போன பிறகு ஓட்ட ஆளில்லை. கொள்ளு மட்டும் அதே படி, சில நாள் கூடவும். பையன் எல்லையில் இருக்கிறான், அவன் குதிரைக்காவது வயிறு நிறையட்டும் என்று அம்மாவுக்கு இருந்திருக்கிறது. அப்பா கால் நொண்டுவதைப் பார்த்திருக்கிறார். சோம்பேறித்தனம், ஓட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்திருக்கிறார். எனக்கு எழுதவில்லை. எல்லையில் இருப்பவனுக்குக் கெட்ட சேதி எழுதக்கூடாது என்பது நம் ஊரில் எழுதாத சட்டம். தாத்தா செத்ததையே எனக்கு இருபது நாள் கழித்துத்தான் சொன்னார்கள். குதிரைக் கால் நொண்டுவதையா சொல்லப் போகிறார்கள்?

பாதுகாப்பு லாடம் கட்டி, நுனியை வெட்டி வெட்டி, கொள்ளை நிறுத்தி, வெறும் தட்டும் ஊறவைத்த புல்லுமாகக் கொடுத்து, ஆறு வருசம் உயிரோடு வைத்திருந்தேன். ஒரு நாள்கூட ஓடவில்லை. அப்போது விற்கலாம் என்று நினைத்தாலும் வாங்க யார் வருவார்கள்?

இந்தக் கதையிலிருந்து ‘விற்றுவிடு’ என்று நான் சொல்ல வருவதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். விற்பதா வைப்பதா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வியை நான் கேட்கவே இல்லை. நான் ‘வைத்துக்கொள்கிறேன்’ என்றபோது யார் வைத்துக்கொள்ளப் போகிறார்கள்? குதிரை வைத்துக்கொள்வது என்பது உங்களுக்கு ஒரு முடிவு. உங்கள் அம்மாவுக்கோ வீட்டுக்காரிக்கோ அது வருசம் முழுக்கச் செய்ய வேண்டிய வேலை. முந்நூற்றைம்பது கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு ஏழு கிலோ காய்ந்த தீவனம். சித்திரை வெயிலில் முப்பது லிட்டருக்கு மேல் தண்ணீர். அதையும் குடம் குடமாகத் தூக்க வேண்டும். விடிய லத்தி அள்ள வேண்டும், கட்டுத்தறி ஈரம் காய வேண்டும், ஈ மொய்க்காமல் பார்க்க வேண்டும். ஆறு வாரம், எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடக்காரரைத் தேடிப் பிடிக்க வேண்டும். மாடு என்றால் அம்மாவுக்கு அத்துப்படி. வயிறு உப்பினால் என்ன செய்வது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். குதிரை வேறு. அதற்கு வாந்தி எடுக்க வராது. வயிற்றில் வலி வந்தால் புரளும், காலால் வயிற்றை உதைக்கும், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும். மாட்டுக்கு மாதிரி விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் விடிவதற்குள் முடிந்துபோகும்.

நாம் எடுத்த முடிவை அம்மா ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் அடித்துச் சுமக்கிறார்கள். கேட்டால் ‘சரி சாமி’ என்றுதான் சொல்வார்கள். பட்டாளத்துக்குப் போகிற பிள்ளை கேட்டு எந்தத் தாய் முடியாது என்றிருக்கிறாள்? ஆகவே அந்த ‘சரி’யைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு வாரம் விடுப்பில் இருக்கும்போதே குதிரைப் பக்கம் போகாமல் இருந்து பாருங்கள். ஊரில் இல்லாததாகவே நினைத்துக்கொண்டு, மச்சான் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள். எட்டாம் நாள் வந்து கட்டுத்தறியையும் பாருங்கள், அம்மாவின் முட்டியையும் பாருங்கள். அப்புறம் முடிவு செய்யுங்கள்.

வீட்டில் ஆள் இல்லையென்றால் சித்தப்பா மகன் இருக்கிறான், அவன் ஆசையாகப் பார்த்துக்கொள்வான் என்பீர்கள். ஆசைதான் இங்கே ஆபத்து. பதினெட்டு வயதுப் பையன் கையில் கயிற்றைக் கொடுத்தால் அடுத்த ரேக்ளாவுக்கு அது வண்டியில் பூட்டியிருக்கும். பத்து நாள் கட்டிப்போட்டு முழுத் தீனி போட்ட குதிரையை ஒரே நாளில் விரட்டினால் தொடையும் இடுப்பும் கல்லாக இறுகி, மூத்திரம் காப்பித் தண்ணி நிறத்தில் இறங்கும். ஞாயிறு ஓய்வு கொடுத்து முழுத் தீனியோடு திங்கள்கிழமை வேலைக்கு இழுக்கும் குதிரைகளுக்கு வந்ததால் வெள்ளைக்காரன் அதற்கு திங்கள்கிழமைக் காலை நோய் என்றே பெயர் வைத்தான். சித்தப்பா மகனிடம் கொடுப்பதானால் ஓட்டக்கூடாது என்று சொல்வதைவிட, வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு தூரம், எவ்வளவு தீனி என்று எழுதிக் கொடுங்கள். ஓடாத நாளில் கொள்ளு பாதி. என் கட்டுத்தறிச் சுவரில் கரிக்கட்டையால் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். முதல் தடவை எழுதாமல் போனதற்கு இன்றைக்கும் அந்தச் சுவரைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பெட்டைக் குதிரையாக இருந்தால் வாரத்துக்கு விடும் வழி ஒன்று இருக்கிறது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் நம் ஊரில் காலங்காலமாக நடப்பதுதான். நம்பிக்கையான ஆளிடம் விட்டு, தீவனமும் பாடும் அவருடையது, போடும் குட்டியில் பங்கு. ஆட்டில் இது சுலபம். இரண்டு குட்டி போட்டால் ஆளுக்கொன்று. குதிரை பதினொரு மாதம் சுமந்து ஒரே குட்டி போடும். பாதியாக வெட்டவா முடியும்? முதல் குட்டி யாருக்கு, சினை பிடிக்காவிட்டால் என்ன, குட்டி செத்தால் என்ன, பெட்டையே செத்தால் யார் பாடு, எல்லாம் பெரியவர் ஒருவர் முன்னால் பேசி எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்து இரண்டு குடும்பங்கள் ஒரு குதிரைக்குட்டிக்காகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கின்றன. குட்டிக்கு இப்போது வயது பதினொன்று.

இனி விற்பதைப் பற்றி.

குதிரையை விற்பது துரோகம் என்று இளவட்டங்கள் சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். செல்போனில் குதிரைக்குப் பாட்டுப் போட்டு வீடியோ போடும் காலம், பேசத்தான் செய்வார்கள். கொரியப் போர் நடந்துகொண்டிருந்த 1952 அக்டோபரில் சியோல் பந்தய மைதானத்தில் ஒரு கொரியப் பையன் தன் பெட்டைக் குதிரையை அமெரிக்க மரைன் அதிகாரி ஒருவருக்கு 250 டாலருக்கு விற்றான். கண்ணிவெடியில் கால் போன தமக்கைக்குச் செயற்கைக் கால் வாங்க வேண்டியிருந்தது. அந்தக் குதிரைக்கு மரைன்கள் வைத்த பெயர் ரெக்லெஸ். அடுத்த மார்ச்சில் நடந்த சண்டையில் ஒரே நாளில் 51 முறை, பெரும்பாலும் கூட்டிப்போக ஆளில்லாமல், குண்டு சுமந்து மலை ஏறி இறங்கியது. சார்ஜெண்ட் பட்டம் வாங்கியது, கப்பலேறி அமெரிக்கா போனது, 1968-இல் இறந்தது. உலகம் குதிரையின் வீரத்தைப் பேசுகிறது. எனக்கு அந்தப் பையன்தான் நினைவில் நிற்கிறான். அவன் ஆசையாக வளர்த்த குதிரைதான் அது. தமக்கையின் கால் அதைவிடப் பெரிதாகப் பட்டது, விற்றான். வீட்டில் ஒரு காரியம் நிற்கும்போது நீங்கள் விற்றால் குதிரை உங்களைக் குறை சொல்லப் போவதில்லை.

யாருக்கு விற்கிறோம் என்று பார்க்காமல் விற்பதுதான் வேறு விசயம். முதல் உலகப்போருக்கு ஆஸ்திரேலியா அனுப்பிய குதிரைகள் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல். நியூ சவுத் வேல்ஸிலிருந்து வருவதால் வேலர் என்று பெயர். போருக்கு எத்தனையோ வருசத்துக்கு முன்பிருந்தே அவை நம் சென்னைக்கும் கப்பலில் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. போர் முடிந்து ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பியது ஒன்றே ஒன்று. கெய்ரோவில் பிரிட்டிஷ் பட்டாளம் தன் குதிரைகளில் நிறையவற்றை அங்கேயே விற்றுக் காசாக்கிக்கொண்டு கப்பலேறியது. பன்னிரண்டு வருசம் கழித்து, 1930-இல், குதிரைப்படை அதிகாரி ஒருவரின் மனைவி டோரத்தி ப்ரூக் கெய்ரோவுக்குப் போகிறார். கல் வண்டி, குப்பை வண்டி இழுத்துக்கொண்டிருக்கும் எலும்புக்கூடுகளின் தோலில் பட்டாளத்து முத்திரை தெரிகிறது. மார்னிங் போஸ்ட் நாளிதழுக்கு 1931-இல் ஒரு கடிதம் எழுதினார். பணம் குவிந்தது. அடுத்த சில வருசங்களில் ஐயாயிரம் குதிரைகளை விலைக்கு வாங்கினார். எதற்கு? பெரும்பாலானவை பிழைக்க வைக்கும் நிலையில் இல்லை. சில நாள் நல்ல தீனி, கால் புதையும் வைக்கோல் படுக்கை, அப்புறம் வலியில்லாத சாவு. அதற்காக வாங்கினார். 1934-இல் அவர் தொடங்கிய மருத்துவமனைதான் ப்ரூக் என்ற பெயரில் இன்று பல நாடுகளில், நம் நாட்டிலும், வேலை செய்கிறது.

இந்தக் கதையில் என் லாடக்காரன் புத்தி வேறொரு இடத்தில் போய் நின்றது. தோலில் சுட்டிருந்ததால்தான் அந்த அம்மாவுக்கு அடையாளம் தெரிந்தது. குளம்பில் சுட்டிருந்தால் வருசத்துக்குள் தேய்ந்திருக்கும். புளியமரத்தடியில் விற்ற பெட்டைக்கு அதுவும் இல்லை. கல்யாண சாரட்டுக்குப் போயிருக்கலாம், ஊட்டி ஏரிப் பக்கம் சவாரிக்குப் போயிருக்கலாம். சீசனில் சவாரி, சீசன் முடிந்தால் ரோட்டோரக் குப்பை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போனவர்கள் அந்தக் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள்.

அதனால் விற்பதென்று முடிவானால் போஸ்டிங் ஆர்டர் வந்த அன்றே வேலையைத் தொடங்குங்கள். மூவ்மெண்ட் ஆர்டர் கைக்கு வரும்வரை தள்ளிப்போட்டால் கடைசியில் தரகர் துண்டுதான். சந்தையில் விற்காதீர்கள். சந்தையில் ஆளைப் பாருங்கள், பேசுங்கள், அவர் வீட்டுக்குப் போய் விற்றுவிட்டு வாருங்கள். முன்கூட்டிச் சொல்லாமல் ஒருமுறை போங்கள். அவருடைய மற்ற குதிரைகளின் பிடரியையும் விலாவையும் பார்க்கிறீர்களோ இல்லையோ, குளம்பைப் பாருங்கள். முகத்தைத் துடைத்து, பிடரி சீவி, சதங்கை கட்டி யாரையும் ஏமாற்றலாம். இரண்டு மாதமாகக் கவனிக்காத குளம்பை ஒரு ராத்திரியில் மறைக்க முடியாது. விலையை நாலைந்தாயிரம் குறைத்தாலும் பரவாயில்லை, மறுபடி விற்பதானால் முதலில் என்னிடம் சொல்ல வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கோர்ட்டில் நிற்குமா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரிந்த கோர்ட்டெல்லாம் கோர்ட் மார்ஷல்தான். ஆனால் எழுத்தில் கொடுத்த மனுசன் போன் போட யோசிப்பதில்லை, அது நான் பார்த்தது. ரத்தப் பரிசோதனை எடுத்து கிளாண்டர்ஸ் இல்லை என்ற சான்றும் கையில் இருந்தால் நல்லவர்கள் நம்பி வருவார்கள்.

என் இரண்டாவது குதிரையை அப்படித்தான் விற்றேன். 2006-இல் வடகிழக்குக்கு ஆர்டர் வந்தது. அந்தச் செவலை நொண்டிக்கொண்டு கட்டுத்தறியில் நிற்கும்போதே ஒரு கருப்புக் குட்டியும் வாங்கியிருந்தேன். புத்தி வருவதற்கு எனக்கு நாளானது. மாசியில் ஆர்டர், ஆனியில் கிளம்ப வேண்டும். கோபிப் பக்கம் ஒரு விவசாயி, வெற்றிலைத் தோட்டக்காரர். மூன்று தடவை போனேன். மூன்றாம் தடவை அவர் வீட்டம்மாவே, “இவரு குதுர குடுக்க வந்தாரா, பொண்ணு குடுக்க வந்தாரா?” என்று கேட்டுவிட்டார். சந்தை விலையைவிடக் குறைவாகத்தான் கொடுத்தேன். இரண்டு வருசம் கழித்து விடுப்பில் போய்ப் பார்த்தபோது கருப்பு என்னை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுத் தட்டுக்குத் திரும்பிக்கொண்டது. சினிமாவில் காட்டுவது மாதிரிக் கனைத்துக்கொண்டு ஓடி வரவில்லை. எனக்கு உள்ளூர ஏமாற்றம்தான், பொய் சொல்வானேன். ஆனால் குளம்பு நாலும் அழகாக வெட்டியிருந்தது.

வைத்துக்கொள்வதென்று முடிவெடுத்தவர்களுக்கு இரண்டு விசயம் பாக்கி இருக்கிறது.

‘குதிரை நல்லா இருக்கு’ என்ற வார்த்தையை நம்பாதீர்கள். இப்போது வாட்ஸாப் இருக்கிறது, சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு இறங்கும்போது பார்த்துக்கொள்ளலாம். மாதம் ஒரு படம் பக்கவாட்டில், ஒரு படம் பின்னாலிருந்து, நாலு குளம்புக்கும் நாலு படம், சிமெண்டுத் தரையில் நிறுத்தி. முகத்தைப் படம் எடுத்து அனுப்புவார்கள், அழகாக இருக்கும், பிரயோசனமில்லை. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல் கைக்குத் தட்டுப்பட வேண்டும். 1983-இல் டெக்சாஸில் ஹென்னெக் என்பவர் குதிரை உடம்புக்கு ஒன்றிலிருந்து ஒன்பது வரை மதிப்பெண் போடும் முறையைக் கொண்டுவந்தார். ஐந்து என்பது நான் சொன்ன அந்த நிலைதான். நம் ஊரில் ஒன்பதுக்கு வளர்த்துவிட்டு ‘என்ன மினுமினுப்பு பாருங்க’ என்போம். வீட்டு ஆட்களைத் தவிர ஒரு வெளி ஆளிடமும், லாடக்காரரோ டாக்டரோ, தனியாகச் சொல்லி வையுங்கள்: எனக்குக் கெட்ட சேதியைச் சொல்வது உங்கள் வேலை என்று. அதற்குக் கூலியும் கொடுங்கள்.

அடுத்தது எழுதுவதற்குக் கை வராது, ஆனாலும் எழுதுங்கள். ராத்திரியில் வயிற்று வலி வந்து, டாக்டர் வந்து பார்த்து, நாமக்கல் கால்நடைக் கல்லூரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறார். வண்டிக் கூலி, செலவு எதுவரை போகலாம்? கொண்டுபோயும் பிழைக்காது என்றால் ஊசி போட்டு முடிக்கச் சம்மதமா? அந்த நேரத்தில் உங்கள் போன் எடுக்காது. நீங்கள் பனியில் எங்கோ உயரத்தில் இருப்பீர்கள். உங்கள் அப்பா, ‘பையனைக் கேட்காமல் எப்படி’ என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்க, அந்த ஜீவன் விடியும்வரை புரளும். ஒரு வெள்ளைத் தாளில் நாலு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியை டாக்டரிடமும் ஒன்றை அப்பாவிடமும் கொடுத்துவிட்டுப் போங்கள். என் பெட்டைக்கு 2008-இல் கடைசி நேரம் வந்தபோது நான் வடகிழக்கில்தான் இருந்தேன். தாள் இருந்தது. அப்பா அதை டாக்டர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாராம். அம்மாதான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

விற்கவும் மனசில்லை, வீட்டில் பார்க்கவும் ஆளில்லை என்று நிற்பவர்களுக்காகத்தான் கடைசியாக ஒன்று. எங்கள் வீட்டுக் கட்டுத்தறியில் இப்போது இரண்டு இடம் காலியாக இருக்கிறது. போர்த் தண்ணீர் உண்டு, நிழல் உண்டு, குளம்பு நானே பார்ப்பேன். தீவனச் செலவு உங்களுடையது, கூலி வேண்டாம். ஃபீல்டு போஸ்டிங் தாளைக் காட்ட வேண்டும், நான் சொன்ன நாலு வரித் தாளையும் கொண்டுவர வேண்டும். ஆனால் கேட்பதை என்னிடம் கேட்காதீர்கள். எனக்கு முட்டி போய்விட்டது. விடிகாலையில் தண்ணி காட்டப்போவது என் வீட்டுக்காரிதான். இந்த மடலை எழுதுவதற்கு முன்பே அவளைக் கேட்டுவிட்டேன். இரண்டு நாள் பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சொன்னாள்: சரி, ஆனால் பொலிக்குதிரை மட்டும் ஆகாது, கடிக்கும்.

அன்புடன்,
உங்கள் பழைய லாடக்காரன்,
அந்தியூர் பக்கமிருந்து